இரண்டு படத்திலும் இல்லாத பெண்

ஈப்போவில் படிக்கும் என் மகள் போன வருடம் ஒரு நாள் அழைத்து, "அம்மா, நீங்க அடிக்கடி சொல்வீங்களே, சாப்பாட்டு மேசையில ஒரு தட்டு கூடுதலா வைக்கிற பேய்க்கதை, அதைப் புதுசா மறுபடி படமா எடுத்திருக்காங்க. பாருங்க லா" என்றாள்.

அது ஒரு நாவலிலிருந்து எடுத்த படம்; அந்த நாவலை நான் நான்கைந்து முறை படித்திருக்கிறேன். மலைமேல் ஒரு பங்களா. ஐந்து பேர் குடும்பம். சமையல்காரி தினமும் ஆறு தட்டு வைக்கிறாள். ஏன் என்று கேட்டால், "ஆறு பேர்தானே" என்கிறாள். காலையில் பார்த்தால் ஆறாவது தட்டும் காலியாக இருக்கும். குடும்பத்தார் ஒருவரை ஒருவர் சந்தேகப்படத் தொடங்குவார்கள். அவ்வளவுதான் கதை.

முதலில் வந்த பழைய படத்தை என் ஆறு வயதில் பார்த்தேன். அப்போது நாங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். அப்பா பக்கத்து ஊரான தானா ராத்தாவிலிருந்து வீடியோ கேசட் எடுத்து வந்திருந்தார். அதில் அந்த ஆறாவது ஆளைக் காட்டவே மாட்டார்கள். நாற்காலி மெல்லப் பின்னால் நகரும், தண்ணீர்க் குவளை கொஞ்சம் ஆடும். பல நாள் நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததில்லை.

புதியதில் பத்தாவது நிமிடத்திலேயே காட்டிவிட்டார்கள். வெள்ளை விழி, நீண்ட நகம். பனியைக் கணினியில் செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது, இட்லிப் பானை ஆவி மாதிரி நேராக மேலே போகிறது. எங்கள் பனி அப்படி வராது. பள்ளத்திலிருந்து தேயிலைச் செடிகளைத் தடவிக்கொண்டு ஏறி வந்து, கதவு திறந்திருந்தால் அடுப்படி வரைக்கும் நுழைந்துவிடும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய படத்தில் சமையல்காரி வெறும் சிரிப்புக்காக. புதியதில், எல்லோருக்கும் போட்டுவிட்டு யாரும் 'சாப்பிட்டியா' என்று கேட்காத ஒருத்தியாக அவள் நிற்கிறாள். நாவலில் இருப்பவள் இவள்தான்.

என்னை உறுத்தியது வேறு. பழைய படத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய காட்சி புதியதில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை. தலையில் நீல பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து ஏதோ சொல்வாள், சத்தம் கேட்காது. பிறகு ஜன்னல் திரைச்சீலை மூடிக்கொள்ளும்.

மகளிடம் சொன்னேன். அவள் பழைய படத்தை எங்கேயோ தேடி எடுத்து அனுப்பினாள். முழுவதும் பார்த்தேன். அந்தக் காட்சி அதிலும் இல்லை. யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நேரத்தைக் குறித்துக்கொண்டு, எங்கே தாவுகிறது என்று இன்னொரு முறை பார்த்தேன். எங்கேயும் தாவவில்லை. நாவலை மறுபடி புரட்டினேன். அதில் ஜன்னல்கூட ஒரு முறைதான் வருகிறது.

அண்ணன் பிரிஞ்சாங்கில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறான். அம்மா அவனோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது கடையில் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே நின்றிருந்தான்.

"அண்ணே, அந்தப் பேய்ப்படத்துல ஜன்னலுக்கு வெளிய ஒரு பொம்பள நிப்பாளே, ஞாபகம் இருக்கா?"

"நீல பிளாஸ்டிக்தானே" என்றான் உடனே. பிறகு கையிலிருந்த கோஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஏன் கேக்குற?"

"அந்த ஸீன் படத்துல இல்லையே."

"பழைய படம். எங்கயாச்சும் வெட்டியிருப்பான்."

"வெட்டல. நான் நல்லா பார்த்துட்டேன்."

"சும்மா விடு லா. அம்மாகிட்ட போய் இதெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காதே."

அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் தலையில் போட்டுக்கொள்கிற தாள் அல்லவா அது? சினிமாக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? அந்த ஜன்னல் சட்டம்கூடப் பச்சை வர்ணம் அடித்தது. எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக்கும் பச்சைதான்.

மறுநாள் வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போய், "அது அம்மாவா?" என்று கேட்டேன்.

அண்ணன் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். சித்தியின் கல்யாணத்துக்கு அம்மா போகக் கூடாது என்றாராம் அப்பா. அம்மா மீறி சுங்கை சிப்புட்டுக்குப் போய் இரண்டு வாரம் தங்கிவிட்டார். திரும்பி வந்த மத்தியானம் நாங்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்காமல் போனவள் கேட்காமல் உள்ளே வரக் கூடாது என்று அப்பா கதவைத் தாழிட்டிருந்தார். அம்மா டிவிக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வந்து தட்டினார். நான் அலறினேன். "படம்தான், பயப்படாதே" என்று அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"கர்டனை இழுத்து மூடச் சொன்னாரு. நான் மூடுனேன்" என்றான் அண்ணன். "எனக்குப் பதினொரு வயசு. அது அம்மான்னு எனக்குத் தெரியும். அப்பாதான் மூடுனாருன்னு அம்மா நெனச்சிக்கிட்டு இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. ஆறு வயதில் அம்மாவைப் பார்த்துப் பேய் என்று அலறியவள் நான். நாற்பது வருடமாக அதை மகளிடமும் தோழிகளிடமும் ரசித்து ரசித்துச் சொல்லி வந்திருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில், அண்ணனும் அண்ணியும் கடையில் இருந்த நேரம் பார்த்து அம்மாவிடம் போனேன். அவர் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு கேட்டேன். அம்மா நிமிரவில்லை.

"பக்கத்து வீட்டு அக்கா வந்து சத்தம் போட்டுச்சு, அப்புறம் உங்கப்பா கதவத் தொறந்தாரு. நீதான் மூணு நாள் என் பக்கமே வரல. கட்டிலுக்குக் கீழ போயி ஒளிஞ்சுக்குவ."

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? படம்னு நெனச்சுக்கிட்டு இருந்த. அது நல்லதுதானே."

சற்றுப் பொறுத்து, "மூடுனது உங்கண்ணன்" என்றார். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தா பிள்ள கை எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாத. மனசு ஒடிஞ்சு போயிடுவான்."

இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் மறைத்து வைத்ததை நான் எத்தனை நாள் சுமப்பது? பத்து நாள் பொறுத்தேன். பிறகு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மாவுக்குத் தெரியும்ணே. எப்பவோ தெரியும்" என்றேன். "லோரி வந்திருச்சு" என்று வைத்துவிட்டான்.

அம்மாவைக் கண் பரிசோதனைக்கு தானா ராத்தா மருத்துவமனைக்கு எப்போதும் அண்ணிதான் கூட்டிப்போவார். அடுத்த முறை அண்ணன் கடையை அண்ணியிடம் விட்டுவிட்டுத் தானே கூட்டிப்போனான். நான் அண்ணன் வீட்டில் காத்திருந்தேன்; காலையில் போனவர்கள் மூன்று மணிக்குத்தான் வந்தார்கள். அண்ணன் கண் சிவந்திருந்தது. தூசி என்றான். ரொட்டி சானாய் சாப்பிட்டோம், வரிசை நீளம், அதான் நேரமாகிவிட்டது என்றார் அம்மா. இருவரும் சொல்லிவைத்தாற்போல் வரிசையைப் பற்றியே பேசினார்கள். நான் நம்பவில்லை. ஆனாலும் கேட்கவில்லை.