எங்கள் பிள்ளைகளுக்காகப் பேசிய அபேனா

அபேனா இறந்துவிட்டார்.

இன்று காலை வேலைக்கு வந்ததும் மனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். நேற்று வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸுக்குள்ளேயே ஹார்ட் அட்டாக்... ஐம்பத்தாறு வயது. நேற்று மதியம் ஷிஃப்ட் மாறும்போது "நாளைக்குப் பாப்பம்" என்று எனக்குக் கை காட்டிவிட்டுப் போனவர்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றேன். 

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். கானாவிலிருந்து வந்தவர். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை டேனிஷ் மட்டும்தான்.

என் மகன் நிஷானுக்கு ஏழு வயதாக இருந்தபோது, டேனிஷில் வைத்த சோதனையில் பின்தங்கியதால் அவனை ஸ்பெஷல் வகுப்பில் போட வேண்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ஓய்வறையில் இருந்து அழுதேன். அபேனா அதை இரண்டு தரம் வாசித்தார்.

"என்ர மூத்தவனுக்கும் இதைத்தான் சொன்னவை. கையெழுத்துப் போடாதேங்கோ. நானும் வாறன்."

பள்ளியில் கறுப்பினத்தவரான அபேனாவைக் கண்டதும் ஆசிரியை, "மீட்டிங் முடிஞ்ச பிறகு வந்து துப்புரவாக்குங்கோ" என்றார்.

அபேனா கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "முதல்ல பிள்ளையை அவன்ர மொழியில சோதியுங்கோ. அதுக்குப் பிறகு கதைப்பம்."

சோதித்தார்கள். நிஷான் தன் வகுப்பிலேயே இருந்தான்.

இப்படி எத்தனை தாய்மாரோடு போயிருப்பார்... நூலகத்தில் சனிக்கிழமை வீட்டுப்பாட வகுப்பைத் தொடங்கியதும் அவர்தான். சில வருடங்களுக்குப் பிறகு அதைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது. நூலகத்துக்கு நன்றி, நகரசபையான கொம்யூனுக்கு நன்றி. படத்தின் ஓரத்தில் அபேனாவின் முதுகு தெரிந்தது. பெயர் இல்லை.

"கோபம் வரேல்லையா?" என்று கேட்டேன்.

"வந்தது. ரெண்டு நாள் நித்திரை இல்லை. சனிக்கிழமை பிள்ளையள் வந்திட்டினம். பிறகென்ன செய்யிறது?"

இன்று ஆர்ஹுஸ் நகரில் இருக்கும் நிஷானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.  உடனே டேனிஷில் கேட்டான்: "அம்மா, அவவின்ர கடைசி மகளோட இப்ப ஆர் நிக்கினம்?"

அடுத்த ரயிலில் வந்துவிட்டான்.

இப்போது அபேனாவின் வீட்டில்தான் இருக்கிறோம். மூத்தவர்கள் இருவரும் வந்துகொண்டிருக்கிறார்கள். சின்னவள் என் தோளில் சாய்ந்திருக்கிறாள். நிஷான் குசினியில் சோறு வைக்கிறான்.

போய் வாருங்கள், அபேனா... பிள்ளை எங்களோடு இருக்கிறாள்.