நான் தூக்கிய சப்பாத்து

நான் செய்த ஒரே உருப்படியான முட்டாள்தனம் இது. ரெக்ஸ்டேல் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் மாரெக், போலந்திலிருந்து வந்த ஃப்ரீஸ்டைல் மல்யுத்த வீரன். "நாற்பது வயதாகிறது, போதும்" என்று எல்லோரும் நச்சரித்ததால் கடைசிப் போட்டி என்று இறங்கினான். தோற்றான். சப்பாத்துகளைக் கழற்றி மல்யுத்த மெத்தையின் நடுவில் வைத்துவிட்டு அழுதபடி நடந்தான்.

வாசலில் கழற்ற வேண்டியதை நடுச்சபையில் விட்டால் யாழ்ப்பாணத்தான் கண் பொறுக்குமா? மறந்துவிட்டான் என்று நினைத்து, தூக்கிக்கொண்டு அவன் பின்னால் ஓடினேன்.

"ஐயோ, வையுங்கோ! ஓய்வெடுக்கிற வீரர் அப்பிடித்தான் விட்டிட்டுப் போறவையாம்!" என்று பார்வையாளர் வரிசையிலிருந்து என் மனைவி கத்தினாள்.

மண்டபமே திகைத்தது. மாரெக் சப்பாத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். சிரித்தான். குந்தியிருந்து மாட்டிக்கொண்டான்.

"போகச் சொன்னது அவர்கள்தான், நானில்லை" என்றான்.

அடுத்த வருடமும் தோற்றான். ஆனால் சப்பாத்தில் கை வைக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓட நான் முதல் வரிசையில் இருந்தேனே!