கேஸ் போச்சா?

நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். ‘கேஸ்’ என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாடு. கோர்ட்டில் நடப்பது கேஸ். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மனிதரும் கேஸ்தான். கல்யாண வீட்டில் கலர் பாட்டில் பெட்டி பெட்டியாக இறங்கினால் அது ஒரு கேஸ், இரண்டு கேஸ். எங்கள் தலைமையாசிரியரை, அவர் காதில் விழாத தூரத்தில், ‘அது ஒரு கேஸு’ என்போம். போதாததற்கு, ஆங்கிலத்தில் வேறு சொல்லான அடுப்பு கேஸும் வயிற்று கேஸும் நம் வாயில் வந்து இதோடு ஒட்டிக்கொள்கின்றன. தமிழில் எழுதினாலும் வித்தியாசம் தெரியாது. இதெல்லாம் வெறும் வேடிக்கை என்றுதான் நினைத்திருந்தேன், அப்பாவுக்குக் குடலில் ஆபரேஷன் நடக்கும்வரை.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “கேஸ் போனாத்தாம்மா குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் வாய்வழியா எதுவும் கூடாது. நாளைக்கும் போகலைன்னா திரும்ப ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்” என்றார். மறுபடியும் கத்தியா! அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது.

அப்பாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் வாயு என்றுதான் சொல்வோம். அவருக்குக் கேஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான்: சேரன்மகாதேவி கோர்ட்டில் சித்தப்பா மேல் அவர் போட்டிருந்த கேஸ். இரண்டு பேர் வயலுக்கும் நடுவே ஒரு மடை. அது யாருக்கு என்று எட்டு வருஷமாக வாய்தா. அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது நர்ஸ் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஐயா, கேஸ் போச்சா?”

“அது எங்கன போவ? இழுத்துக்கிட்டுல்லா கெடக்கு.”

“அடக்கி வைக்கக் கூடாதுய்யா. விட்டுரணும்.”

“விட்டுரணுமா? உசுரே போனாலும் விடமாட்டேன்.”

“விட்டாத்தான் ஒங்களுக்கு நல்லது. வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி.”

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நர்ஸ் போனதும் என்னிடம், “ஒஞ் சித்தப்பன் இவகிட்டயும் ஆள் அனுப்பியிருக்கான், பாத்தியா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். அவரும் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலித்திருக்கும். பிறகு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அந்தப் புள்ள சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல” என்றார். எந்தக் கேஸைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். நாங்கள் யாரும் சொல்லி அனுப்பவில்லை. வெளியிலேயே நர்ஸைக் கேட்டு விவரமெல்லாம் தெரிந்துகொண்டு, கதவருகே வந்து நின்றார். உள்ளே வரத் தயக்கம். அப்பாதான் முதலில் பேசினார்.

“ஏலே, நான் கேஸ விட்டுட்டேன்.”

சித்தப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “விட்டுட்டியளாண்ணே! இப்பத்தான் எனக்கு உசுரே வருது. இருங்க, நர்ஸக் கூப்பிடுதேன்.”

“நர்ஸ் எதுக்குலே? வக்கீலக் கூப்பிடு.”

சித்தப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்த இன்னொரு கேஸ் மறுநாள் காலையில், நான் பல் தேய்க்கப் போயிருந்த நேரத்தில் போய்விட்டது. திரும்பி வந்தவளிடம் அப்பா வெட்கத்தோடு சொன்னார். டாக்டரிடம் சொல்ல நான் ஓடப்போனேன்.

“டாக்டர் கெடக்கட்டும். மொதல்ல ஒஞ் சித்தப்பனுக்குப் போனைப் போடு” என்றார். “அவன் பயந்துக்கிட்டுக் கெடப்பான்.”