உப்பு வரிசை

கிணறுகளை வரிசைப்படுத்துவதுதான் என் வேலை. கொழும்பில் ஓர் அறைக்குள் இருந்துகொண்டு வடக்குத் தீவுக் கிணறுகளுக்குக் கணினி நிரல் எழுதுகிறேன். வேலணைப் பக்கத்தில் ஒரு பெண் மாதாமாதம் வீடு வீடாகப் போய், மானியைத் தண்ணீரில் விட்டு, உப்பின் அளவை எடுத்து அனுப்புவாள். ஒவ்வொரு கிணறும் கணினிக்குள் ஒரு பொருள்: வீடு, ஆழம், கடலிலிருந்து தூரம், உப்பு. வெறும் எண்களென்றால் கணினி தானாகவே அடுக்கிவிடும். நாமாக உருவாக்கிய பொருளைக் கொடுத்தால் பேந்தப் பேந்த விழிக்கும். இரண்டு கிணறுகளில் எது முன்னால் என்று சொல்ல ஒரு விதி எழுதிக் கொடுக்க வேண்டும். உப்புக் குறைந்தது முன்னால் என்று எழுதினேன். அவ்வளவுதான் விதி.

முதல் தடவை ஓடவிட்டபோது எரிச்சல்தான் வந்தது. கடலோரக் கிணறுகள் கடைசியில் நிற்கும் என்று நினைத்தால், அவை அங்குமிங்குமாகச் சிதறிக் கிடந்தன. எண்ணை எழுத்தாக எடுத்து, முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஒன்பதுக்கு முன்னால் நூறு வந்து நிற்கும். அந்தப் பிழையைத் தேடினேன். இல்லை, விதி சரி. பிறகுதான் வீட்டு விபரத்தைப் பார்த்தேன். முன்னால் நின்ற அத்தனையும் பூட்டிய வீடுகள். கனடா, சுவிஸ், லண்டன் என்று போனவர்களுடையவை. நாள்தோறும் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். அள்ளாத கிணற்றில் மழைத்தண்ணீர் அப்படியே தங்கும். காரணம் எனக்கு விளங்கியது. இருந்தும் பட்டியலை மேலிருந்து கீழாக இன்னொரு தடவை வாசித்தேன். ஆளில்லாத வீடுகளைக் காட்டு என்று நான் எழுதவேயில்லை.

எங்கள் கிணறு பின்னால், உப்புக் கூடியவற்றோடு நின்றது. புளியங்கூடலில் அம்மா தனியாக இருந்தார். கத்தரிக்கும் மிளகாய்க்கும் காலையும் மாலையும் இறைப்பார். அவர் போடும் தேநீரே உப்புக் கரிக்கும். எங்கள் கிணறு கடைசியில் நிற்பதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்தடுத்த மாதங்களில் அது நகரத் தொடங்கியது. முதலில் நடுவுக்கு வந்தது, பிறகு அதையும் தாண்டியது. விதியை அழித்துப் புதிதாக எழுதினேன். பட்டியலைக் குலைத்துப் போட்டுத் திரும்ப ஓடவிட்டேன். சனியன், எத்தனை தடவை ஓடவிட்டாலும் எங்கள் வீடு பூட்டிய வீடுகளுக்குப் பக்கத்திலேயே போய் நின்றது. அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறன். நீ சாப்பிட்டியோ?"

"தோட்டத்துக்கு இறைக்கிறியளோ அம்மா?"

"ஓம், ஓம். இறைக்காமல் பின்ன?"

அதே குரல்தான். எண்கள்தான் வேறு சொல்லின. அளக்கிற பெண்ணைக் கேட்டேன்.

"எப்ப போனாலும் அம்மா விறாந்தையில கதிரையிலதான் இருக்கிறவ அண்ணை. நல்லாக் கதைச்சவ. கிணத்தடி மட்டும் காஞ்சு கிடந்தது."

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். படலையைத் திறந்து நேரே கிணற்றடிக்குத்தான் போனேன். வாளிக்கயிறு காய்ந்து கம்பியாக விறைத்திருந்தது. கப்பியில் சிலந்தி வலை. கத்தரிகள் நின்றபடியே கருகியிருந்தன. வாளியை இறக்கி ஒரு வாய் அள்ளிக் குடித்தேன். இனித்தது. ஐயோ என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"ஆரது?"

விறாந்தையிலிருந்து அம்மாவின் குரல். உயிரோடுதான் இருக்கிறார் என்று விறாந்தைக்கு ஓடினேன். கதிரையை விட்டு அவர் எழும்பவில்லை. சில மாதங்களுக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிவரைதான் போவாராம். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் பவுசர் வண்டியில் பிடித்துக் கொண்டுவந்து வைக்கும் தண்ணீரில்தான் நாள் போயிருந்தது.

"சொன்னால் கூட்டிக்கொண்டு போயிடுவாய். அங்க வந்து என்னால இருக்க ஏலாது தம்பி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிறகு அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். அதற்குப் பிறகும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டுதான் வந்தேன்.

இங்கே அம்மாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. தேநீரைக் குடித்து, "சப்பெண்டு கிடக்கு" என்று ஒரு சிட்டிகை உப்பை அதில் போடுவார். அளவுகள் வந்துவிட்டன என்று தெரிந்தால் முதல் கேள்வி எங்கள் கிணற்றைப் பற்றித்தான். போன மாதமும் கேட்டார்.

"எல்லாத்துக்கும் முன்னால நிக்குது அம்மா. உப்பே இல்லை."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"உப்பில்லையோ? அப்ப அது எங்கட கிணறு இல்லை."