என் மகள் போட்ட கண்டிஷன்

போன மாதம் ஒரு மத்தியானம். குடும்பநல நீதிமன்றத்தில், நீதிபதியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு முனையில் நான். மறுமுனையில் என் மனைவி – தீர்ப்பு வரும்வரை அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். எங்கள் மகள் மட்டும் உள்ளே.

அவளுக்குப் பதினைந்து வயது. அப்பாவோடு இருக்கிறாயா, அம்மாவோடு இருக்கிறாயா என்று அவளையே கேட்கிறார்கள். எங்கள் கல்யாணத்தின்போது எங்களைக்கூட யாரும் இவ்வளவு பொறுமையாகக் கேட்கவில்லை.

ஜெயித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். மனைவி கீழ்பென்னாத்தூரில் டீச்சர், கண்டிப்பு. நானோ மொபைலைப் பிடுங்காதவன். ரேங்க் கார்டில் மார்க்கைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவன். இப்படி ஓர் அப்பாவை எந்தப் பிள்ளை விடும்?

உள்ளே கூப்பிட்டார்கள்.

"அம்மாகூட இருக்கேன்னு சொல்றா சார்," என்றார் நீதிபதி. "காரணத்தை உங்ககிட்ட அவளே சொல்றாளாம்."

மகள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா திட்டவே மாட்டாரு மேடம். ஆனா அவர்கூட இருந்தா எல்லாம் பத்திரிகையில வந்துடும்."

நீதிபதி இருமினார். நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியை அவரும் படிப்பவராம். "அந்தக் குரங்கு விஷயம்..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். என் மனைவி ஜன்னலைப் பார்த்தாள். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். குரங்கு டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஓட, ஸ்பூனையாவது கொடு என்று மகள் அதனிடம் கெஞ்சியது. சிரித்தீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். நான் இன்னும் எழுதினேன்.

பிறகு அவளுடைய மஞ்சள் நீராட்டு. தெருமுனையில் அவள் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைக்கக் கூடாது என்று மச்சானோடு சண்டை போட்டேன். ஜெயித்தேன். அந்தச் சண்டையை அடுத்த வாரமே இங்கே எழுதினேன். மச்சான் வைத்திருந்தால் தெரு பார்த்திருக்கும். நான் தமிழ்நாடு முழுக்க வைத்தேன். அவள் இரண்டு நாள் ஸ்கூலுக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றாள். நம்பினேன்.

கோர்ட் படியில் இறங்கும்போது கண்டிஷன் வந்தது. "சனிக்கிழமை சனிக்கிழமை வர்றேன். ஆனா நடக்கிறத எழுதக் கூடாது."

"ஒண்ணே ஒண்ணு?"

"ப்பா..."

இப்போது செங்கம் ரோட்டு வாடகை வீட்டில் நான் மட்டும். மாடியில் ஒரு வெளிநாட்டுக்காரர், மௌனம் தேடிக் கடல் தாண்டி வந்தவர். மூன்று மாதமாகத் தேடுகிறாராம். எனக்குக் கீழேயே கிடைத்துவிட்டது. ஒருவருக்கு மட்டும் காபி போட எனக்கு அளவு தெரியவில்லை. இரண்டாவது டம்ளரையும் நானே குடிக்கிறேன். சில நாள் மகளின் அறையில் ஃபேனைப் போட்டுவிட்டு ஹாலில் வந்து உட்காருவேன். உள்ளே யாரோ இருக்கிற மாதிரி சத்தம் வரும்.

போன சனிக்கிழமை பௌர்ணமி. பஸ்களை ஊருக்கு வெளியேயே நிறுத்திவிட்டார்கள். வரமாட்டாள் என்றே நினைத்தேன். கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்து செருப்பைக் கழற்றினாள்.

மேலே, ஃபேன் சத்தம் வரை நீங்கள் படித்ததை அவளிடம் கொடுத்தேன். அச்சுக்குப் போகும் முன் அவள் படிப்பது இதுவே முதல் தடவை. அம்மாவைப் போலவே சிவப்புப் பேனா கேட்டாள். இரண்டு பாராவை அடித்தாள்.

"ஃபிளெக்ஸ் மேட்டர் இருக்கட்டும். அது உன் தப்புதான? எழுதிக்கோ."

"குரங்கு?"

"அதான் ஜட்ஜ் வரைக்கும் தெரிஞ்சுபோச்சே, விடு." பேனாவை மூடினாள். "நான் வந்தது, படிச்சது... இது வரைக்கும் ஓகே. இதுக்கு மேல நடக்கிறது நம்மளோட."

அதற்குப் பிறகு, சாயங்காலம் அவள் கிளம்பும்வரை நடந்ததைப்போல ஒரு மேட்டர் இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

மன்னிக்கவும், உங்களுக்குக் கிடையாது.