எட்டு மீனில் பாதி

ஒரேஸ்தே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறொருத்தியோடு போனபோது அவன் மனைவி நெலீடா அழவில்லை. அடுத்த வாரமே தொட்டி மீனில் பாதி கேட்டு வந்து நின்றான் பாருங்கள், அன்றைக்குத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரொசாரியோவில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். நான் மாடி வீட்டுக்காரி. எனக்குக் காது கொடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கத்தாமல் என்ன செய்வாள்? கறிக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள் அவள். மாட்டு இதயத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, கத்தியால் சுரண்டி அந்த மீன்களுக்குப் போடுவாள். வருடா வருடம் மீன் வளர்ப்போர் கிளப் கண்காட்சியில் கோப்பை வாங்குவது ஒரேஸ்தே. தொட்டியில் ஒட்டிய அட்டையில் 'வளர்ப்பவர்' என்று அவன் பெயர்தான் இருக்கும். அழுக்குத் தண்ணீர் வாளியை அவன் தொட்டு நான் பார்த்ததில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது, 'குண்டம்மா'தான். எங்கள் ஊர் ஆண்கள் பெண்டாட்டியைக் கொஞ்சுகிற லட்சணம் அது.

பெரிய விலைபோகும் மீன்களும் இல்லை அவை. பரானா ஆற்றின் ஓடைகளில் பிடிபடுகிற, மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் நாங்கள் 'பன்றிக்குட்டி' என்று சொல்கிற மீன்கள். பச்சையும் பித்தளையும் கலந்த உடம்பு, விலாவில் ஒரு கறுப்புக் கோடும் புள்ளியும். எனக்கு எட்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. நெலீடா விடுவாளா? ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள்.

"நல்லாப் பாருடி. இவன் கமிஷனர். புள்ளிக்கு வால் முளைச்சிருக்கா? கண்ணாடியோரமா ரோந்து போய்க்கிட்டே இருப்பான். கோடு பாதியில அறுந்திருக்கே, அவன் சேவல். யாராவது பார்த்தாலே சிலிர்த்துக்குவான். புள்ளி ரெண்டாப் பிளந்தது மாமியார். முன்னால சாது, பின்னால வந்து கடிக்கும்."

"உன் மாமியார் மாதிரியா?"

"பின்ன எதுக்கு அந்தப் பேரு?"

கண்ணுக்குக் கீழே வெள்ளைக் கோடு இறங்குகிறவள் அழுமூஞ்சி. நெலீடாவின் விரலிலிருந்து நேராகத் தின்பாள். தின்று முடித்தும் போகாமல் விரலை உரசிக்கொண்டு நிற்பாள். அவளும் மற்ற நால்வரும் வம்புதும்புக்குப் போகாதவர்கள். மூன்று ரவுடிகளும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருக்க, நெலீடா கல்லையும் உடைந்த பூந்தொட்டியையும் நடுவில் அடுக்கி வைத்திருந்தாள். கல் எதற்கு என்று ஒரேஸ்தே ஒருநாளும் கேட்டதில்லை.

"எட்டுல நாலு என்னுது. விவாகரத்துச் சட்டமே வந்தாச்சு, தெரியுமில்ல?" என்றான், மீன் கேட்டு வந்த அன்றைக்கு.

கத்தல் சட்டென்று நின்றது. பயந்துபோய்க் கீழே இறங்கிப் பார்த்தால் நெலீடா சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"தாராளமா எடுத்துக்கோ. இருக்கிறதுல பெருசா நானே பிடிச்சுத் தரேன்."

வலையில் முதலில் வந்தவன் கமிஷனர். அப்புறம் சேவல். அப்புறம் மாமியார். எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மூன்றும் மறைவில்லாத ஒரே தொட்டியில் கிடந்தால் கொலைதான் விழும். நாலாவதுக்கு வலை போட்டபோது அவன் விரலை நீட்டினான்.

"அது வேணாம். அதோ மின்னுதே, அதைக் குடு."

அழுமூஞ்சி. வலை தண்ணீரிலேயே நின்றது. முடியாது என்றால் அவனுக்குச் சந்தேகம் வரும், ஒவ்வொன்றாகக் கிளறுவான். வலையைப் பார்த்ததும் அவள் தானாகவே பக்கத்தில் வந்து நின்றாள், பைத்தியக்காரி.

"எடுத்துட்டுப் போ" என்றாள் நெலீடா.

அவன் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணையொண்ணு கிழிச்சுப் போட்டுடும். கண்காட்சியில வெறுந்தொட்டியை வச்சுக்கிட்டு நிக்கட்டும் அந்த நாய். ஊரே சிரிக்கட்டும்."

"அழுமூஞ்சி?"

ஏற்கெனவே சுத்தமாக இருந்த வலையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

கண்காட்சிக்குச் சிவப்பு உடுப்பும் உதட்டுச் சாயமுமாகக் கல்யாண வீட்டுக்குப் போகிறவள்போல வந்தாள். அவனுடைய தொட்டியில் நாலு மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் கோப்பை.

"வா வா! உன் கமிஷனர் எப்படி இருக்கான் பாரு!" என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டினான் ஒரேஸ்தே.

அவன் காட்டியது மாமியாரை. பிளந்த புள்ளி எனக்கே தெரிந்தது. மற்ற மூன்றும் யாரோ. நெலீடா அந்தத் தொட்டியை மூலைக்கு மூலை தேடினாள். வெள்ளைக் கோடு எங்கும் இல்லை.

அவன் நடுவர்களிடம் பெருமையடிக்கப் போனதும், அந்தப் புதியவள் சுலேமா, கக்கத்தில் வெந்நீர்க் குடுவையோடும் கையில், ஒரே கிண்ணத்தில் முறைவைத்து நாங்கள் குடிக்கிற மாத்தே மூலிகைத் தேநீரோடும் எங்களிடம் வந்தாள்.

"செஞோரா, மன்னிச்சிருங்க. மூணு செத்துப்போச்சு. திட்டுவாருன்னு பயந்து நானே கடையில வாங்கி விட்டுட்டேன். அவருக்குத் தெரியவே இல்ல."

"தெரியாது" என்றாள் நெலீடா.

"கண்ணுக்குக் கீழ கோடு போட்டிருக்குமே, அதுதான் முதல்ல. என் விரலைத் தேடி வரும். அதைக் குப்பையில போட மனசு வரல, மல்லிகைத் தொட்டியில புதைச்சேன்."

நெலீடா என் பக்கம் திரும்பினாள். "அது இல்லாததுகூடத் தெரியாதவனைப் பழிவாங்கவா அவளை அனுப்பினேன்?" என்று என்னிடம் கேட்டாள். உதட்டுச் சாயத்தைப் புறங்கையால் அழித்தாள்.

"குண்டம்மா, மாத்தே!" என்று ஒரேஸ்தே திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

இரண்டு பேருமே திரும்பினார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சுலேமா ஓரடி எடுத்து வைத்தாள்.

"நில்லு" என்றாள் நெலீடா. "உன் பேரு என்ன?"

"சுலேமா."

"நான் நெலீடா."

குடுவையை வாங்கி, கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி முதலில் சுலேமாவுக்குக் கொடுத்தாள். அடுத்தது எனக்கு. அப்புறம் தனக்கு. அது முடிந்ததும் மறுபடி சுலேமாவுக்கு ஊற்றினாள். ஒரேஸ்தே நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.