பீடி குடிக்கும் மாமாவும் பீச்சுக்கு நடக்கும் பெரியப்பாவும்

பிள்ளைகளே, உங்கள் மாமா நம் வீட்டுக்கு வந்தால் நேராக உள்ளே வராமல் ஏன் தெருக்குழாய்க்குப் போகிறார் என்று அன்றைக்கு இரண்டு பேரும் கேட்டீர்கள். "அது அவனுக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பதில் அவ்வளவு சின்னது இல்லை. கொரோனா வந்த வருடம்தான் எனக்கே அது கொஞ்சம் புரிந்தது. நான் பத்தாவதோடு நின்றவன், தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வீசிங் இருப்பது உங்களுக்குத் தெரியும். பெரியவள் பிறந்த சமயம் மூச்சு முட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தாள். கொரோனா வந்ததும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவங்களுக்கு இது வரவே கூடாது. வீட்டுக்குள்ள வர்றவங்களப் பாத்துக்குங்க" என்றார். நம் வீட்டுக்குள் வந்து போவது மூன்று பேர்தான். பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கும் நான், அம்மாவின் தம்பியான உங்கள் மாமா, என் அண்ணனான உங்கள் பெரியப்பா.

பெரியப்பாவுக்குக் கெட்ட பழக்கமே கிடையாது. மில் மூடுகிறவரை பஞ்சுத் தூசியில் வேலை பார்த்தவர். அப்புறம் உடம்பைத் தேற்ற வேண்டும் என்று தினமும் முதலியார்பேட்டையிலிருந்து பீச் வரைக்கும் நடந்து போய் வர ஆரம்பித்தார். டீ, காபி தொட மாட்டார். முளைகட்டிய பயறுதான் காலைச் சாப்பாடு. திரும்பும் வழியில் உங்களுக்கும் ஒரு கிண்ணம் கொண்டு வருவார். மாமா அப்படியே எதிர். விழித்ததிலிருந்து பீடி.

குழாயடியில் கை கால் கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர் மாஸ்கையும் ஒழுங்காகப் போடுவார், மாமாவோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். மாமா முதல் நாளே மூக்குவரை மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து குழாயடியில் நின்றான். பெரியப்பாவின் மாஸ்க் சட்டைப் பையில் இருந்தது.

"அண்ணே, மாஸ்க்" என்றேன்.

"எனக்கு எதுக்குடா? எனக்கு ஒரு சளி புடிச்சி நீ பாத்திருக்கியா? தெனமும் கடக்காத்து வாங்குற ஒடம்புடா இது. இதெல்லாம் பீடி குடிக்கிறவன் போட வேண்டியது."

மாமா கையில் சோப்பு நுரையோடு திரும்பி, "கரெக்ட்டுண்ணே. அதான் நான் போட்டிருக்கேன்" என்றான்.

பெரியப்பா போனதும் மாமாவைக் கேட்டேன், உனக்கு மட்டும் இது எப்படிடா கஷ்டமாக இல்லை என்று.

"இதுல என்னா புதுசு மச்சான்? பீடி வாசன பட்டாலே அக்காவுக்கு இழுக்கும். தெருக்கோடியில நின்னு குடிச்சிட்டு, வாயக் கொப்புளிச்சி, கையக் கழுவி, சட்டைய மாத்திக்கினுதான எப்பவும் உள்ள வரேன்? இப்ப ஒரு துணி சேந்திருக்கு, அவ்ளோதான். அண்ணனதான் நெனச்சா பாவமா இருக்கு. ஒரு கெட்ட பழக்கம்கூட இல்ல, எங்கேர்ந்து பழகியிருப்பாரு?"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு லோடு இறக்கும்போதெல்லாம் அதுவே மண்டைக்குள் ஓடியது. நடக்கிறவர்கள் எல்லாரும் பெரியப்பா மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்வீட்டு டீச்சர் மொட்டை மாடியில் தனியாக நடக்கும்போதுகூட மாஸ்கோடு நடந்தார். மார்க்கெட்டில் பீடி குடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மாஸ்க் தாடையில்தான் தொங்கியது. ஒரு பழக்கம் இன்னொன்றை எப்போது கூட்டிக்கொண்டு வருகிறது, எப்போது வராதே என்று தடுக்கிறது? இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் பெரியப்பா கிண்ணத்தோடு நேராக உள்ளே வந்துவிட்டார். முகத்தில் மாஸ்க் இல்லை. சின்னவன் தவழ்ந்து அவர் காலடிக்குப் போனான். அடுப்படியிலிருந்து வந்த அம்மா அவரைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நகர்ந்த வேகத்தில் முதுகு சுவரில் இடித்தது. பீடிப் புகை வந்தால் அவள் செய்வது அதேதான்.

பெரியப்பா அப்படியே நின்றார்.

"என்னம்மா, என்னப் பாத்து மூக்க மூடுற? பீடியத் தொட்டவனா நானு?"

"இல்லீங்க... கை தானா போயிடுச்சி."

சொல்லும்போதே அவளுக்கு மூச்சு விசிலடித்தது. அவர் கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன், திரும்பவில்லை. மறுநாள் பயறு வரவில்லை. அண்ணன் இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். அம்மாவோ, "நான் வேணும்னு செய்யலங்க" என்று அழுதாள்.

அதற்கடுத்த நாள் காலையில் குழாயடியில் யாரோ முகம் முழுக்கத் துண்டு கட்டிக்கொண்டு கால் கழுவிக்கொண்டிருந்தார். கிட்டே போனபின்தான் அண்ணன் என்று தெரிந்தது. பழைய மில் துண்டு, பின்னால் இறுக்கமாக முடிச்சு.

"பஞ்சுக்கு இப்டிதான்டா கட்டுவோம். முடிச்சி கைக்கு மறக்கவே இல்ல பாரு."

"உள்ள மாஸ்க் இருக்காண்ணே?"

"இருக்குடா, இருக்கு. காதுதான் வலிக்குது."

அப்போதுதான் வந்த மாமா, "அண்ணே, கொள்ளக்காரன் கணக்கா இருக்கீங்க" என்றான்.

"போடா, பீடி."

பெரியப்பா உள்ளே வரவில்லை. கிண்ணத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். என்னண்ணே திடீரென்று என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு செவுத்துல இடிச்சிக்கிச்சுடா" என்றார்.

அந்த வருடம் அம்மாவுக்குக் கொரோனா வரவில்லை. இதனால்தானா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

பெரியப்பா துண்டு கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு, அவரும் மாமாவும் கிளம்பிப் போனபிறகு நான் மட்டும் குழாயடிக்குப் போனேன். அங்கே சுவரில் ஓர் ஆணியில், நைலான் வலைக்குள் மாமாவின் சோப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்து, ஒரு புது சோப்பைத் தொங்கவிட்டேன்.